எழுதுகிறவருக்கு வேறு வேலை இருப்பது இடைஞ்சலா?

பிப்ரவரி 3, காலை. ஒரு வாசகரின் கேள்வி

"உங்கள் மூன்று தொகுப்புகளையும் படித்தேன். 30 ஆண்டுகளில் மூன்றே புத்தகம். பத்திரம் எழுதும் வேலையிலேயே காலம் போய்விட்டது என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதியிருந்தால் இன்னும் பத்துப் புத்தகமாவது வந்திருக்கும். வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்பது என் முடிவு. நீங்கள் எந்தப் பின்னணியிலிருந்து வந்தீர்கள், யாரைப் படித்து எழுத ஆரம்பித்தீர்கள், எழுதாத நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்."

பிப்ரவரி 3, இரவு 9.40

தின்னவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஓர் அறை. அப்பா அங்கே உட்கார்ந்து பத்திரம் எழுதினார். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு தட்டச்சு செய்தேன். பிறகு உரிமமே என் பெயருக்கு வந்தது. இப்போது கணினியில் அடித்து இணையத்தில் ஏற்றுகிறேன். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று வகை மாறுமே தவிர அறை அதேதான், பெஞ்சும் அதேதான்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முறை வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை பேசிக்கொண்டிருப்பார்கள். நிலத்தை விற்க வந்தவர் நிலத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அதை வாங்கிய தாத்தா, அதில் விழுந்து இறந்த மாடு, அதை விற்று நடக்கப் போகிற மகள் கல்யாணம் எல்லாம் வரும். நான் தலை நிமிராமல் அடித்துக்கொண்டே கேட்பேன். பெயரையும் ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் கதைகளில் பாதிக்கு மேல் அந்த பெஞ்சிலிருந்து வந்தவை. வேலையை விட்டுவிட்டு நான் எதை எழுதியிருப்பேன்?

பிப்ரவரி 4, காலை 6.15

இரவு படுத்த பிறகும் உங்கள் கேள்வி விடவில்லை. வேறு வேலையும் பார்த்த, எனக்குப் பிடித்த எழுத்தாளர்களை எண்ணிப் பார்த்தேன்.

ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938-ல் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் போய் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்த்தார். போர் முடிந்து திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் சுமார் 40 ஆண்டுகள். தங்கியது ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில், தனியாக. எழுதியது இரண்டே நாவல்கள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டுத் தமிழ் நாவலைப் பற்றிப் பேச முடியுமா? வட்டிக்கடை மேசையில் உட்காராத ஒருவருக்கு அந்தக் கணக்குப்பிள்ளைகளின் பேச்சு கைக்கு வந்திருக்குமா?

ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருந்தார். கடைத்தெருக் கதைகள் என்று அவர் எழுதியவை கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ட மனிதர்களைப் பற்றியவை. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலில் இருந்துகொண்டே 1966-ல் மல்லிகை இதழைத் தொடங்கினார். மௌனி கணிதம் படித்துவிட்டுக் குடும்பத்தின் ஆலையையும் சொத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய கதைகள் முப்பதைத் தொடாது. குறைவாக எழுதினாரே என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகாவில் இருந்தார். அங்கிருந்துதான் 'கரைந்த நிழல்கள்' நாவல் வந்தது.

பிப்ரவரி 4, இரவு 8.05

மேலே காலையில் எழுதியதில் ஒரு வரி தவறு. அசோகமித்திரனுக்கு ஜெமினியில் இருந்த வேலை கதை எழுதுவது அல்ல. செய்தித்தாள்களைக் கத்தரித்துப் பொருள் வாரியாகக் கோப்பில் சேர்ப்பது. அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். எந்நேரமும் பேப்பர் கிழித்துக்கொண்டிருப்பவருக்கு வேலையே இல்லை என்று நினைத்து, பார்க்கிறவர்களெல்லாம் அவர் அறைக்கு வந்து பேச ஆரம்பித்துவிடுவார்களாம்.

தவறான வரியை அழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் அடிக்கப்பட்டது என்று எழுதி, அதன் கீழே கையெழுத்து வாங்க வேண்டும். சுரண்டி அழிப்பது கூடாது. 30 ஆண்டுப் பழக்கம், இங்கேயும் அதையே செய்கிறேன்.

திருத்திய பிறகு இந்தத் தகவல் எனக்கு இன்னும் பிடித்துப்போய்விட்டது. பேப்பர் கத்தரிக்கிற மேசைக்கு எல்லாரும் வந்து பேசுகிறார்கள். என் பெஞ்சும் அதுதானே.

பிப்ரவரி 7

இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வேலை இருந்தவர்களையே சொல்கிறீர்களே, புதுமைப்பித்தனுக்கு என்ன பதில்?"

நியாயமான அடி. மூன்று நாட்களாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

புதுமைப்பித்தன் பத்திரிகை அலுவலகங்களில் உழைத்தார், பிறகு சினிமாவுக்கு எழுதப் புனாவுக்குப் போனார், காசநோயோடு திரும்பினார், 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. தாலுகா அலுவலக வேலையைக் கண் பார்வை மங்கியதால் விட்டவர். 1944-ல் போய்விட்டார். இருவருக்கும் அப்போது 42 வயது. எனக்கு 42 ஆனபோது இதை எண்ணிக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என்னுடைய மூன்றாவது தொகுப்பு அப்போது பாதிகூட முடிந்திருக்கவில்லை.

சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைப் போட்டுவிட்டு, அவற்றைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். முழுநேரமும் இலக்கியத்துக்கே கொடுத்தவருக்குக் கிடைத்தது தோள்வலிதான்.

ஆகவே 3-ஆம் தேதி நான் சொன்னதை இப்படித் திருத்திக்கொள்கிறேன். எந்த வேலையானாலும் எழுத்துக்கு நல்லது என்று நான் சொல்ல முடியாது. மாதா மாதம் அரிசிக்குக் கவலை இல்லாமல் பார்த்துக்கொண்டு, மனிதர்களையும் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிற வேலை எனக்கு வாய்த்தது. அது என் சாமர்த்தியம் அல்ல. அப்பா விட்டுப்போன நாற்காலி.

பிப்ரவரி 8, இரவு

யாரைப் படித்து எழுத வந்தீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நேர்மையாகச் சொன்னால், நான் முதலில் மனப்பாடம் செய்த தமிழ் உரைநடை பத்திரத்தின் உரைநடைதான். "எனக்குப் பாத்தியப்பட்டு, என் கைவசம் அனுபவத்தில் இருந்துவரும் கீழ்க்கண்ட சொத்தை", "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்". கீழே செக்குபந்தி வரும். வடக்கே யாருடைய புஞ்சை, தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே எந்தப் பாதை, மேற்கே எந்த ஓடை. நான்கு பக்கமும் சொன்னால்தான் நடுவில் இருப்பது நிலம். அப்பா இதில் கறாரானவர். "இந்த நான்கு எல்லைக்குள் நின்று பார்க்கிறவனுக்கு, படிக்கும்போதே அந்த இடம் தெரிய வேண்டும்" என்பார்.

பழைய பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று வரும். நிலத்தடியில் புதையல் இருந்தால் அதுவும், தண்ணீரும், கல்லும் வாங்குகிறவருக்கே. ஏழாம் வகுப்பில் இதை முதல்முறை படித்தபோது அரை ஏக்கர் மானாவாரிக்குள் புதையல் இருப்பதாக நம்பிவிட்டேன். அந்த நிலத்தைப் பார்க்க அப்பாவை நச்சரித்துப் போனேன். கரடும் வேலிக்கருவையும்தான். ஆனால் பத்திரத்தில் புதையல் இருந்தது. கதை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வேலிக்கருவை நடுவில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

கதைப் புத்தகங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன, கிளை நூலகத்திலிருந்து. அப்பா கதை படித்ததே இல்லை. வீட்டில் அவருக்கென்று ஒரு கதைப் புத்தகமும் கிடையாது.

பிப்ரவரி 9, காலை

அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்பா கதை படிக்கவில்லை என்று எப்படி எழுதலாம்?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது: நான் பிறப்பதற்கு முன்பு அப்பா வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, பத்திரம் தைக்கிற ஊசியாலும் வெள்ளை நூலாலும் தைத்து வைத்திருந்தாராம். ஏழெட்டுக் கட்டு. ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி நனைந்து, கறையான் பிடித்து, அம்மா தூக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் எதையும் சேர்க்கவில்லை.

8-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்கள் தவறு. அடித்தது நான்.

அந்த ஊசியை எனக்குத் தெரியும். கோணி ஊசியைவிடக் கொஞ்சம் சிறியது, காது பெரியது. மேசையின் வலப்பக்க இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 25 ஆண்டுகளாக அதை எத்தனையோ முறை தள்ளிவிட்டு ஸ்டாம்ப் பேடு எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, இரவு 11

ஒரு பெண் எழுதியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். "பெஞ்சு, மேசை, கல்லா என்று எல்லாம் சொன்னீர்கள். உங்கள் வீட்டில் சமைத்தது யார்?"

நான். நான்தான்.

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது தொகுப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 11 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பத்திர அறை என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஐந்தரைக்கு அறையைப் பூட்டுகிறவரை என் தலைக்குள் வாக்கியங்கள் ஓடும். வீட்டுப் படியேறியதும் நின்றுவிடும். மாமியார் படுக்கையில், இரண்டு குழந்தைகள், காலை நான்கு மணிக்குத் தண்ணீர். என் கணவர் நல்லவர், என் கதைகளைப் பெருமையாக நண்பர்களுக்குக் கொடுப்பார். உலை வைக்க அவருக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே முதல் வாசகரே, ஏதோ ஒன்று தின்றது என்பதில் நீங்கள் சொன்னது சரி. எது என்பதில்தான் மாறுபடுகிறேன்.

ராஜம் கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். 15 வயதில் கல்யாணம். கணவரின் வேலை எந்த ஊருக்கு மாறினாலும் கூடவே போனார், போன இடத்திலெல்லாம் எழுதப் பொருள் கண்டார். நீலகிரியில் இருந்தபோது படகர் வாழ்க்கையைப் பார்த்து 'குறிஞ்சித் தேன்' எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய் அலைந்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். அப்படி அலைய எனக்கு வழி இருக்கவில்லை. மனிதர்களே என் அறைக்கு வந்தார்கள். அது இல்லாதிருந்தால் மூன்று தொகுப்பும் இருந்திருக்காது.

பிப்ரவரி 13

நேற்று எழுதியது ஆறவில்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும்.

இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு என் அறைக்கு அதிகம் வந்த பத்திரங்களில் ஒன்று, அக்கா தங்கைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். சகோதரர்கள் காரில் அழைத்துவருவார்கள். வழியில் காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

அப்படி ஒரு பாட்டி வந்தார், எழுபது வயதிருக்கும். இரண்டு தம்பிகள் கூட. எழுதிக் கொடுப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. படித்தேன். "மாவடை, மரவடை உள்பட" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"மரவடை என்றால்?"

"நிலத்தில் நிற்கிற மரம் எல்லாம், அம்மா."

"வேப்பமரமும் சேர்த்தியா? கிணற்றடியில் நிற்கிறதே."

"ஆமாம்."

"அது நான் நட்டது."

சின்னத் தம்பி ரோட்டைப் பார்த்தார். பெரிய தம்பி சிரித்துக்கொண்டே, "அக்கா, மரத்தடிக்கு வந்து உட்கார யார் உங்களைத் தடுக்கப் போகிறார்கள்?" என்றார். "தடுக்க மாட்டீர்கள் என்றால் எழுதிவிடட்டுமே" என்றார் அந்த அம்மா.

அரை மணி நேரம் போனது. மரத்தை மட்டும் ஒதுக்கினால் அங்கே போக நடைபாதை உரிமையும் எழுத வேண்டும், நாளைக்கு நிலத்தை விற்க முடியாது, வில்லங்கமாகிவிடும் என்றார்கள். சட்டப்படி அது எழுதக்கூடியதுதான். எனக்குத் தெரியும். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கூலி கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

அவர் கைநாட்டு வைத்தார். கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நரைமுடியில் அந்த ஊதா நிறம்.

இதைக் கதையாக எழுதினேன். முதல் வரைவில் அவரை அழ வைத்திருந்தேன். ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. அப்போது வருத்தப்பட்டேன். ஆறு மாதம் கழித்துப் படித்தபோது அந்த அழுகை பொய் என்று தெரிந்தது, எடுத்தேன். கடைசி வரைவில் மரம் பத்திரத்தில் ஏறிவிடுகிறது. பலரும் அந்த முடிவைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அது ஏன் அப்படி முடிகிறது என்று தெரியும். நேரில் எழுதாத வரியைக் கதையில் எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விடுதலைப் பத்திரம் எழுத எந்தப் பெண் வந்தாலும், கூட வந்தவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, தனியே உட்கார வைத்து, "உங்களுக்கு இதில் என்ன வேண்டும்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். இரண்டு பேர் பத்திரமே வேண்டாம் என்று எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சிலர் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள், அடுத்த அறைக்குப் போகிறார்கள். போகட்டும்.

பிப்ரவரி 15

சின்னக் குறிப்பு. கு. அழகிரிசாமியை எப்படி மறந்தேன்! பத்திரிகை வேலைக்குச் சென்னை போவதற்கு முன் அவரும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இடைசெவல்காரர், கி. ராஜநாராயணனின் பால்ய நண்பர். பிறகு மலேசியாவில் தமிழ் நேசன் நாளிதழில் வேலை. 1970-ல் இறந்தார், அந்த ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது அவர் போன பிறகுதான் வந்தது. எங்கள் அலுவலக வாசலைக் கடக்கும்போது சில நாள் அவர் நினைவு வரும். இப்படி ஒரு வாசலில்தானே அவரும் படியேறியிருப்பார்.

பிப்ரவரி 18, இரவு 10.20

எழுதாத நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்ற பகுதி மட்டும் பாக்கி.

நிலங்களின் பெயர்களைச் சேர்க்கிறேன். சர்வே எண் வருவதற்கு முன்பும், வந்து வெகுகாலம் வரைக்கும், ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருந்தது. பழைய மூலப்பத்திரங்களில் கிடக்கும். ஆலடிச் செய், கள்ளிக்காடு, தட்டான் குழி, இரட்டைப்பனைப் புஞ்சை, சீதனக் காணி. புதிய பத்திரத்தில் எண்ணும் உட்பிரிவும் மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு தலைமுறை கழிந்தால் பெயர் போய்விடும். நீள நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன், நானூறைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஏதாவது ஒரு பெயரைத் தேடிப் பஸ் ஏறிப் போவேன். இரட்டைப்பனைப் புஞ்சையில் ஒரு பனைதான் நிற்கிறது. தட்டான் குழி இப்போது மனைப்பிரிவு, மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் என் கணவரும் கூட வருகிறார். திரும்பியதும் ரசம் அவர் வைக்கிறார், உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

இதை வைத்து நாவல் எழுதப் போகிறீர்களா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. பெயர்களைச் சேர்ப்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

நாளை முகூர்த்த நாள், பதிவுக்குக் கூட்டம் அலைமோதும். எனக்கே ஒன்பது பத்திரம். அதில் ஒன்றின் மூலப்பத்திரம் 1931-ஆம் ஆண்டுடையது. நிலத்தின் பெயர் 'மயில் அகவும் பாறை' என்று இருக்கிறது. வாங்குகிறவர் பெயரெல்லாம் வேண்டாம், எண்ணைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொத்து விவரத்தில் ஒரே ஒரு வரி கூடுதலாகும், கட்டணம் அதிகமாகாது. காலையில் அவர் வந்ததும் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன்.